பஸ்ல போய்ப் படிக்கிறவன் போன்

போன வாரம் ஊருக்கு, ரிஷிவந்தியத்துக்குப் போயிருந்தேன். வீட்டுக்குள்ள நுழையும்போதே சித்தி புகார்: "ஏம்ப்பா, நீ கம்ப்யூட்டர் வேலை பாக்குறவன், இவனுக்குச் சொல்லு. எந்நேரமும் இன்ஸ்டாகிராம். ரெண்டு அரியர் வச்சிருக்கான்." தம்பி காலேஜ் ரெண்டாம் வருஷம். தினமும் கள்ளக்குறிச்சிக்கு பஸ்ல போய் வர்றான்.

நானும் வழக்கமான அறிவுரையைத்தான் ஆரம்பிச்சேன். டைம் வேஸ்ட், டைமர் போடுன்னு. சொல்லும்போதே எனக்குக் கூச்சமா இருந்தது. 2016 செப்டம்பர்ல ஜியோ வந்தப்போ நான் எஞ்சினியரிங் படிச்சிட்டிருந்தேன். டேட்டா இலவசம். என் முதல் அரியர் அந்த செமஸ்டர்லதான்.

ஆனா அவன் சொன்னது வேற. "பஸ்ல பாக்குறது ஒண்ணும் இல்லண்ணா. ராத்திரி புக்கை எடுக்கும்போது ஹாஸ்டல் பசங்க ஸ்டோரி வரும். சினிமா, பிரியாணின்னு எல்லாரும் ஒண்ணா இருப்பாங்க. அப்புறம் புக்ல மனசு நிக்காது."

இதுக்குப் பொருத்தமா ஒரு ஆய்வு இருக்கு. 2004 பிப்ரவரியில ஹார்வர்டுல ஆரம்பிச்ச ஃபேஸ்புக்கை, காலேஜ் காலேஜாத்தான் திறந்துவிட்டாங்க. பொதுமக்களுக்கு 2006 செப்டம்பர்லதான் கிடைச்சது. எங்க ஆபீஸ் பாஷையில சொன்னா படிப்படியான ரோல்அவுட். பிராகியேரி, லெவி, மகரின்னு மூணு பொருளாதார ஆய்வாளர்கள் இதைப் பிடிச்சுக்கிட்டாங்க. ஃபேஸ்புக் முன்னாடி வந்த காலேஜ், பின்னாடி வந்த காலேஜ் ரெண்டுலயும் மாணவர்கள் மனநலம் பத்திக் கொடுத்த பதில்களை ஒப்பிட்டாங்க. 2022ல அமெரிக்கன் எகனாமிக் ரிவியூ இதழ்ல வெளியாச்சு. ஃபேஸ்புக் வந்த இடத்துல மனச்சோர்வு கூடியிருந்தது. மனசு சரியில்லாம படிப்பு கெட்டுதுன்னு சொன்னவங்களும் கூடியிருந்தாங்க. அதிகம் பாதிக்கப்பட்டது யாருன்னா, மத்தவங்களோட ஒப்பிட்டுத் தன்னைக் குறைவா நினைக்க வாய்ப்புள்ளவங்க. உதாரணமா, வளாகத்துக்கு வெளிய தங்கிப் படிச்சவங்க.

அன்னைக்கு ரீல்ஸ் கிடையாது, கையில ஸ்மார்ட்போனும் கிடையாதுங்கறதை ஞாபகம் வச்சுக்கங்க. அப்பவே இப்படி.

"போனைப் புடுங்கி வச்சிடு"ன்னாங்க சித்தி. நோட்ஸ், எக்ஸாம் டைம்டேபிள் எல்லாம் வாட்ஸ்அப் குரூப்லதான் வருது, எப்படிப் புடுங்குறது? அதனால இன்ஸ்டாவை அழிக்கச் சொல்லல. அந்தப் பசங்க ஸ்டோரியை மட்டும் ரெண்டு பேருமா உக்காந்து மியூட் பண்ணினோம். ஒரு அரியர் கணக்குப் பேப்பர். சனிக்கிழமை ராத்திரி வீடியோ கால்ல சொல்லித்தர்றேன்னு ஒத்துக்கிட்டிருக்கேன்.

சித்திக்கு இதுல துளியும் திருப்தி இல்ல. ரிசல்ட் வந்ததும் சொல்றேன்.