எஞ்சிய நூல்

தியாகராய நகரில் பாண்டி பஜாரை அடுத்த எங்கள் இல்லத்தில் பழைய பிஸ்கட் தகரப்பெட்டி ஒன்று உண்டு. என் மனைவி குரோஷா ஊசியாற் பின்னி எஞ்சிய நூலுருண்டைகள் அதிற் கிடந்தன. அவர் மறைந்து பல்லாண்டுகள் கழித்தே அதைத் திறந்தேன். ஆசிரியப் பயிற்சியிற் கற்ற சங்கிலிப் பின்னலை விரல்கள் மறந்திருக்கவில்லை.

முதலில், அடுப்படிக்கு ஒரு கைப்பிடித் துணி பின்னினேன். மருமகள் அதைக்கொண்டு காய்ந்த இரும்புத் தோசைக்கல்லைப் பற்றினாள். நூல் இளகி ஒட்டிக்கொண்டது. அவள் விரல்கள் கொப்பளித்துவிட்டன. கம்பளி என்று நான் கருதியது அக்ரிலிக் என்னும் செயற்கை இழை! பிள்ளைகளுக்குச் சோதித்தறியச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

இப்பொழுது ஒவ்வோர் உருண்டையிலும் ஓரங்குல நூலை நறுக்கி, இடுக்கியாற் பற்றிச் சுடரிற் காட்டுகிறேன். காகிதம் எரியும் மணமும் மென்சாம்பலும் தோன்றின் பருத்தி. உருகிக் கருமணியாய் இறுகின் செயற்கை இழை. பருத்தியை இரட்டை மடிப்பாய்ப் பின்னினால் அடுப்படிக்கு ஆகும். ஆயினும் ஈரமாயிருப்பின் சூடு கைக்கு ஏறிவிடும். மற்றது சாவிக்கொத்துப் பைக்கும் தண்ணீர்க் குவளை விரிப்புக்கும் போதும்.

துண்டு நூல்களைத் தனித்தனிச் சதுரங்களாக்கிப் பின்னர் இணைப்பதே எளிது. 2016 சனவரியில் சென்னையில் பெண்கள் பலர் கூடிப் பின்னிய துண்டுகளை இணைத்து, 11,148.5 சதுர மீட்டர்ப் போர்வையாக்கிக் கின்னஸ் பதிவே பெற்றனர். என் சதுரமோ நான்கங்குலம்.

மருமகள் இன்று என் பிடித்துணிகளைக் கேட்டு வாங்குகிறாள். ஆனால், முதலில் நூலைக் கொளுத்திக் காட்டச் சொல்கிறாள்.