தடையாணை அல்ல, தெளிந்த விசுவாசம்



2006-ஆம் ஆண்டில் 'தி டா வின்சி கோட்' திரைப்படத்தைத் தமிழக அரசு தடை செய்தது. சென்னை உயர்நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. தடை வந்தது, போயிற்று. கேள்வியோ நின்றது.

325-இல் கூடிய நீசேயா பொதுச்சங்கமே வாக்கெடுத்து இயேசுவைக் கடவுளாக்கியது என்பது அந்நாவலின் கூற்று. ஆனால், அதற்கு இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன்பே புனித பவுல், பிலிப்பியருக்கு எழுதிய மடலின் 2-ஆம் அதிகாரத்தில் அவரது இறைத்தன்மையை அறிக்கையிட்டுள்ளார். ஆரியுசின் போதனையை மறுத்து, வழிவழி வந்த விசுவாசத்தையே சங்கம் வரையறுத்தது.

கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளில் பல மாநிலத்தவரோடும் பல சமயத்தவரோடும் சேர்ந்து உழைக்கிறோம். உடன் வேலை செய்பவர் இதைக் கேட்டால், கோபம் மறுமொழியாகாது. அம்மடலைத் திறந்து காட்டலாம். எனவே, இல்லந்தோறும் விவிலியத்தைக் குடும்பமாக வாசிக்கத் தொடங்குவோம்.