பொருத்தும் புணர்ச்சியும்



வடமொழியில் 'சந்தி' என்னும் ஒரு சொல்லே எழுத்துகளின் சேர்க்கையையும் மரங்களின் சேர்க்கையையும் குறிக்கும். மயமதம் என்னும் சிற்பநூலின் 17ஆம் அதிகாரம் மரப் பொருத்துகளுக்கே உரியது. அதன் பெயர் சந்திகர்மம். நமக்கு அண்மையில் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1970, 1976ஆம் ஆண்டுகளில் இந்நூலை இரு பகுதிகளாக வெளியிட்டது.

விகாரப் புணர்ச்சியைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக வகுத்தார் நன்னூலார். மரமும் கிளையும் புணருங்கால் மகர ஒற்றுக் கெட, ககர ஒற்றுத் தோன்றி, மரக்கிளை ஆகிறது. பட்டறையில் கதவு நிலை செய்வதைப் பாருங்கள். குறுக்குச் சட்டத்தின் நுனி நாக்காகச் செதுக்கப்படுகிறது, அது திரிதல். அந்நாக்கு நுழையுமளவு நிலைக்காலில் மரம் பொளித்து நீக்கப்படுகிறது; அது கெடுதல். இரண்டையும் இறுக்க ஒரு மரமுளை வந்து அமர்கிறது; அது தோன்றல்.

சப்பானியர் இக்கலையைப் பெரிதும் போற்றுகின்றனர். அங்கே ஹோரியூஜி மடத்தின் ஐந்தடுக்கு மரக் கோபுரம் ஏறத்தாழ 1300 ஆண்டுகளாக நிற்கிறது. இசே கோயிலை 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாக எழுப்புவர். மூத்த தச்சரின் கைத்திறன் இளையவர்க்குச் சேர அதுவே வழி. அந்நாட்டு மரக்கட்டடத் தொழில்நுட்பங்களை 2020இல் யுனெஸ்கோ மானுட மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது.

நம் பக்கம் என்ன நிலை? 2019இல் விழுப்புரத்திலிருந்து தனி மாவட்டமாகப் பிரிந்த கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பம் 2021இல் புவிசார் குறியீடு பெற்றது. மகிழ்ச்சி. ஆயினும் சிற்பம் கண்ணுக்குத் தெரியும். நல்ல பொருத்தோ மறைந்தே நிற்கும். மறைந்து நிற்பதைப் போற்றுவார் சிலரே.

ஒருநாள் வகுப்பறைக் கதவு நிலையைக் காட்டிப் புணர்ச்சி விளக்கினேன். பின்வரிசையில் ஒரு தச்சர் மகன் எழுந்து, அப்பொருத்துக்குத் தன் தந்தை வழங்கும் பெயரைத் தயங்கித் தயங்கிச் சொன்னான். "இதுவும் இலக்கணந்தானா அம்மா?" என்று கேட்டான். தந்தையின் சொல்லைச் சொல்ல அவன் நாணியதற்கு நானும் பொறுப்பு என உணர்ந்தேன். அதுவரை நான் அவர்களிடம் ஒரு சொல்லும் கேட்டதில்லை.

இப்பத்தாண்டுகளில் நம் மேடையில் கவிஞர் பலர் பாடினர். புலவர் பலர் பேசினர். தச்சர் ஒருவரையேனும் நாம் அழைத்ததில்லை. அடுத்த ஆண்டு அழைப்போம். அவர் பேசட்டும், நாம் ஏடெடுத்து எழுதிக்கொள்வோம். உளியோடு அச்சொற்களும் ஓய்ந்துவிட்டால், பின்னர் நாம் எந்த அகராதியில் தேடுவோம்?