உப்பளத்துப் பெண் எழுதும் செய்தி



மரக்காணம் உப்பளத்துப் பெண்களின் படம் கோடை வந்தால் நாளேட்டில் வரும். தலையில் உப்புச் சுமையோடு வரிசையாக நடப்பார்கள். கீழே ‘உப்பு உற்பத்தி மும்முரம்’ என்றிருக்கும். பெயர் இருக்காது. ஆணுக்கு என்ன கூலி, பெண்ணுக்கு என்ன கூலி, உப்புநீரில் வெடித்த காலுக்கு மருந்து யார் தருவது, ஐப்பசி மழையில் அளம் மூழ்கினால் அடுப்பு எப்படி எரியும் என்ற கேள்விகளும் இருக்காது.

2013 ஏப்ரல் 25 அன்று இங்கே கட்டையன் தெருவில் தலித் வீடுகள் எரிந்தன. ‘மோதல்’ என்ற ஒரு சொல்லில் அது சுருங்கியது. அந்தத் தெருவில் பிறந்த ஒரு பெண் செய்தியறையில் இருந்திருந்தால் தலைப்பு வேறாக இருந்திருக்கும்.

ஏன் இல்லை? ஆக்ஸ்பாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஊடகத் தலைமைப் பொறுப்புகள் 121இல் 106 உயர்சாதியினர் கையில் இருந்தன. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை.

கதவு திறக்கட்டும் என்று நம் முன்னோர் காத்திருக்கவில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ நடத்தினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார். அவருக்குப் பின் நின்றுபோன இதழை 1926இல் கோலார் தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையார் மீண்டும் கொண்டுவந்தார். சுரங்கத் தொழிலாளர்கள் வாழ்ந்த ஊர் அது. விளம்பரதாரரை நம்பி நின்ற இதழ்கள் அல்ல இவை. கூலிக்காசு கொடுத்து வாங்கியவர்களை நம்பி நின்றவை.

ஆனால் நம்மிடமும் ஒரு குறை உண்டு. நம் சிற்றிதழ்களில் ஆசிரியர் என்ற இடத்தில் எத்தனை பெண் பெயர்? மெய்ப்புப் பார்க்க, உறையில் முகவரி எழுத, கூட்டத்துக்குத் தேநீர் போடப் பெண்கள் வேண்டும். தலையங்கம் மட்டும் நமக்கு. முதலாளி ஊடகத்திடம் கேட்கும் கேள்வியை நம்மிடமும் கேட்டாக வேண்டும்.

உத்தரப் பிரதேசத்துச் சித்ரகூடத்தில் 2002இல் ‘கபர் லஹரியா’ பிறந்தது. தலித் பெண்கள் முன்னின்று, ஊர் ஊராக நடந்து சேதி சேகரித்து, வட்டார மொழியில் எழுதிய ஏடு. இன்று கைப்பேசியில் காணொலியாக வருகிறது. அவர்களால் முடிந்தது இந்தக் கடற்கரையில் முடியாதா?

எனவே இன்று இரண்டு முடிவுகள் எடுப்போம். சாதிக்கும் முதலாளிக்கும் அஞ்சாமல் எழுதும் ஏடு ஒன்றுக்காவது நாம் ஒவ்வொருவரும் சந்தா கட்டுவோம். ஓசியில் படித்துவிட்டு, ‘நம் செய்தி வரவில்லை’ என்று புலம்ப வேண்டாம். அடுத்து, நம் இதழின் ஆசிரியர் குழுவில் பாதி இடம் பெண்களுக்கு. அளத்திலிருந்து எழுதும் பெண்ணுக்கு அன்றைய கூலிக்குக் குறையாத ஊதியம்.

அடுத்த கோடையிலும் படம் வரட்டும். அதை எடுத்தவளும் எழுதியவளும் அளத்துப் பெண்ணாக இருக்கட்டும்.

ஜெய்பீம்.