காந்தமும் பல்லும்

(இடையஞ்சாவடியில் நடந்த பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட சங்கதி பல். கடவுளையும் சாதியையும் பேச வேண்டிய மேடையில் பல்லுக்கென்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். மூடநம்பிக்கை கோவிலில் மாத்திரம் குடியிருப்பதில்லை. அது நம் வாய்க்குள்ளேயும் குடியிருக்கின்றது. குழந்தைக்கு மேல்பல் முதலில் முளைத்தால் மாமனுக்கு ஆகாது என்கிறோம். மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்று பயந்து, சீழ் வைத்த பல்லோடு வருஷக்கணக்காய் அவஸ்தைப்படுகிறோம். பல்லின் வேர் தாடை எலும்பில் இருக்கின்றதே ஒழிய, கண்ணில் இல்லை என்பதை யோசிப்பதே கிடையாது.

இந்தப் பழைய மூடத்தனத்தை விட்டவர்களைப் பிடித்துக்கொள்ள இப்பொழுது ஒரு புதிய பேச்சு வந்திருக்கின்றது. அதுதான் காந்த வைத்தியம். காந்தக் காப்பு, காந்தப் படுக்கை, காந்தத் தண்ணீர் என்று சந்தையில் விற்காத பண்டமில்லை. இதற்கிடையில், பல் வைத்தியத்திலும் மின்காந்தத்தால் திருகுப்பல் சீக்கிரம் ஊன்றுகின்றது என்ற செய்தி வருகின்றது. இதை முழுவதும் புரட்டென்று தள்ளுவதா, முழுவதும் மெய்யென்று கொள்ளுவதா? இரண்டும் பகுத்தறிவல்ல. விசாரித்துப் பார்ப்பதே பகுத்தறிவு.

முதலில் திருகுப்பல் என்பது என்ன? விழுந்த பல்லின் இடத்தில், தாடை எலும்பில் டைட்டானியம் என்ற உலோகத் திருகைப் பதித்து, அதன்மேல் பல்லைப் பொருத்துவது. இதை இம்பிளாண்டு என்கிறார்கள். சுவீடன் தேசத்துப் பிரோனமார்க் என்பவர் 1952-ல் முயலின் எலும்பில் டைட்டானியக் குழலை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். பிறகு அதைக் கழற்றப் பார்த்தபோது கழலவில்லை. எலும்பு அதோடு ஒட்டி வளர்ந்துவிட்டது. பலகாலம் ஆராய்ந்த பின்னரே 1965-ல் முதல் மனிதனுக்குப் பதித்தார். உலகத்துப் பல் வைத்தியர்கள் இதைப் பெருவாரியாய் ஏற்றது 1982-ல் டொரண்டோ நகரில் கூடிய மகாநாட்டுக்குப் பிறகுதான். ஒரு நல்ல காரியத்துக்கே இத்தனை வருஷப் பரீட்சை வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள்.

திருகைப் பதித்த அன்று அது மரத்தில் முறுக்கிய திருகாணி போல இறுக்கமாய் நிற்கும். பிறகு சுற்றிலுமுள்ள பழைய எலும்பு கொஞ்சம் கரையும். புது எலும்பு வளர்ந்து பிடிக்கும். ஆகையால் முதல் சில வாரங்களில் பிடிப்புச் சற்றுத் தளர்ந்து, பின் மறுபடியும் ஏறும். முழுப் பிடிப்புக்கு மூன்று மாதம் முதல் ஆறு மாதம் வரை பொறுத்திருப்பது வழக்கம். இந்தக் காலத்தைக் குறைக்கலாமா என்பதுதான் மின்காந்தக்காரரின் கேள்வி.

இந்த எண்ணம் ஆகாயத்திலிருந்து விழுந்ததல்ல. காந்தப்புலம் மாறிக்கொண்டே இருந்தால் பக்கத்திலுள்ள கம்பியில் மின்சாரம் ஓடும் என்று 1831-ல் பாரடே கண்டார். எலும்பை அழுத்தினால் அதில் சிறிது மின்சாரம் உண்டாகின்றது என்று ஜப்பானியரான புகாடாவும் யாசுடாவும் 1957-ல் காட்டினார்கள். அப்படியானால், வெளியிலிருந்து மின்சாரத்தைத் தூண்டினால் எலும்பு வளருமா என்று அமெரிக்காவில் பாசெட் என்பவரும் அவர் கூட்டாளிகளும் ஆராய்ந்து 1974-ல் எழுதினார்கள். ஒட்டாத எலும்பு முறிவுக்கு அத்தகைய கருவியை உபயோகிக்க 1979-ல் அமெரிக்க அரசாங்கம் அனுமதியும் கொடுத்தது.

இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். வேலை செய்வதாகச் சொல்லப்படுவது மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம். கையில் மாட்டிய காந்தக் காப்பு மாறாத காந்தம். சும்மா கிடக்கும் கையில் அது மின்சாரத்தைத் தூண்டாது. பாரடேயின் பெயரைச் சொல்லிக் காப்பு விற்பவன், வேதத்தின் பெயரைச் சொல்லித் தாயத்து விற்பவனுக்குத் தம்பியே தவிர வேறல்ல. தாயத்தைக் கழற்றிக் காந்தக் காப்பை மாட்டிக்கொள்வதற்குப் பெயர் அறிவு வளர்ச்சியல்ல, சரக்கு மாற்றம்.

சரி, மெய்யான கருவியாவது பலிக்கின்றதா? இதை அறிய ஒரே வழி உண்டு. 1784-ல் பாரீஸ் நகரில் மெஸ்மர் என்ற வைத்தியர் எல்லா வியாதியையும் காந்த சக்தியால் தீர்ப்பதாகச் சொல்லிப் பணம் குவித்தார். அரசன் ஒரு கமிட்டி போட்டான். அதில் பிராங்கிளினும் லவாய்சியரும் இருந்தார்கள். மெஸ்மரின் சீடர் தோட்டத்தில் ஒரு மரத்துக்குக் காந்தம் ஏற்றினார். ஒரு சிறுவனின் கண்ணைக் கட்டி மற்ற மரங்களண்டை அழைத்துப் போனார்கள். அவனோ காந்தம் ஏற்றாத மரத்தடியிலேயே மயங்கி விழுந்தான்! விழச் செய்தது மரமல்ல, நம்பிக்கை. நம் ஊர் வேப்பமரத்தடியில் சாமியாடுகிறவர்களுக்கும் இதே பரீட்சையை வைத்துப் பார்த்தால் என்ன?

அந்தக் கண்கட்டுப் பரீட்சையைத்தான் இன்றைய வைத்தியரும் செய்கிறார்கள். பாதிப் பேருக்கு மெய்க்கருவி, பாதிப் பேருக்கு அதைப் போலவே இருக்கும் பொய்க்கருவி. எது எவருக்கென்று நோயாளிக்கும் தெரியாது, பார்க்கும் வைத்தியருக்கும் தெரியாது. 1984-ல் இங்கிலாந்தில் ஒட்டாத கால் எலும்புக்காரர் 16 பேரிடம் இப்படிப் பார்த்தார்கள். மெய்க்கருவி வைத்த 9 பேரில் 5 பேருக்கு ஒட்டியது. பொய்க்கருவி வைத்த 7 பேரிலும் 5 பேருக்கு ஒட்டியது! எல்லோருக்கும் மாவுக்கட்டும் ஓய்வும் ஒன்றாகவே கொடுக்கப்பட்டிருந்தன. பொய்க்கருவி இல்லாதிருந்தால் அந்தப் புகழெல்லாம் காந்தத்துக்கே போயிருக்கும். 1990-ல் 45 பேரிடம் செய்த மற்றொரு பரீட்சை கருவிக்கு அனுகூலமாக முடிந்தது. புதிதாய் முறிந்த கால் எலும்புக்கு 259 பேரிடம் செய்து 2011-ல் வெளியான பரீட்சையில் வித்தியாசம் காணவில்லை. ஆக, எலும்பு விஷயத்திலேயே தீர்ப்பு இன்னும் ஒருமுகமாகவில்லை.

பல்லுக்கு வருவோம். பதித்த திருகின்மேல் மூடி போலப் பொருத்தும் சிறிய மின்காந்தக் கருவியை, இந்தியரும் இஸ்ரேலியரும் சேர்ந்து 19 பேரின் 40 திருகுகளில் பரீட்சித்து 2020-ல் வெளியிட்டார்கள். கருவி வைத்த திருகுகளின் பிடிப்பு முதல் இரண்டு வாரத்தில் ஏறியது, வைக்காதவற்றில் இறங்கியது. இது நல்ல செய்திதான். ஆனால் 19 பேர் என்பது ஒரு தெருவுக்குக்கூடக் காணாது. மேலும் அளந்தது பிடிப்பின் எண்ணை. பத்து வருஷம் கழித்துப் பல் நிற்குமா என்பதையல்ல. கருவி இல்லாமலே நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட திருகுப்பற்கள் பத்து வருஷம் நிற்கின்றன. ஆகவே, இதை ஆராயத் தகுந்தது என்று சொல்லலாமே ஒழிய, கடன் வாங்கிச் செய்துகொள்ளத் தகுந்தது என்று சொல்ல முடியாது.

இருதயத்தில் மின்கருவி வைத்திருப்பவர்கள் தங்கள் வைத்தியரைக் கேளாமல் இத்தகைய மின்காந்தக் கருவியை அண்டவே கூடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

திருகுப்பல் கெடுவதற்கு உண்மையான காரணங்கள் யாவை? புகையிலை, கட்டுக்கடங்காத சர்க்கரை வியாதி, ஈறு நோய், வாயைச் சுத்தமாய் வைக்காமை. பீடியை விடுவதற்கு ஒரு காசு செலவில்லை, மிச்சமே உண்டு. அதைச் சொன்னால் ஒருவனுக்கும் லாபமில்லாததால் அதற்கு விளம்பரம் இல்லை.

தோழர்களே! நம் மரக்காணத்து உப்பளத் தொழிலாளியைப் பாருங்கள். உப்புநீர் சுமார் 25 டிகிரி ஏறினால்தான் பாத்தியில் உப்பு விளையும் என்பது அவனுக்குத் தெரியும். டிகிரியை அளந்து பார்க்கிறானே தவிர, வருணனைக் கும்பிட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. வயிற்றுப்பாட்டில் இருக்கும் இந்தப் புத்தி, வைத்தியத்தில் மாத்திரம் ஏன் போய்விட வேண்டும்? வைத்தியர் ஒரு புதிய கருவியைக் காட்டினால் மூன்று கேள்வி கேளுங்கள்: பொய்க்கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களா? எத்தனை பேரிடம், எத்தனை காலம் பார்த்தார்கள்? இது இல்லாவிட்டால் எனக்கு என்ன நஷ்டம்? இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. கேட்காமல் தலையாட்டுவதுதான் சுயமரியாதைக் குறைவு. யோக்கியமான வைத்தியர் கேள்விக்குக் கோபிக்கமாட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திருகுப்பல் பணக்காரன் வாய்க்கும், பொக்கைவாய் ஏழைக்கும் என்று எந்த விதியும் எழுதி வைக்கவில்லை. சென்னையிலும், இதோ பக்கத்தில் புதுச்சேரியிலும் அரசாங்கப் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. பல் ஆடும்போதே அங்கே போகக் கூச்சப்படாதீர்கள். ஏழையின் பல்லையும் காக்க, நம் கிராமங்களுக்குப் பக்கத்திலேயே பல் வைத்தியர் வேண்டுமென்று அரசாங்கத்தைக் கேளுங்கள். அது பிச்சையல்ல, உரிமை.

நாம் சொன்னதையும் அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டாம். வீட்டுக்குப் போய் யோசித்து, உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டு இதை முடித்துக்கொள்ளுகிறோம்.