பழைய கூட்டில் புதிய கோழிகள்

மைசூர் மாவட்டத்துச் சிற்றூர்களில் உழவர் குடும்பங்கள் பல, வயல் வருவாயோடு வீட்டுப் புறக்கடையில் சில கோழிகளையும் வளர்த்து வருகின்றன. முட்டை விற்ற காசு பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கையில் சேர்கிறது. குழந்தையின் ஏட்டுக்கும் மருந்துக்கும் உதவுவது அக்காசே. ஆகவே கோழிகளின் இழப்பு அக்குடும்பத்துக்குச் சிறிய இழப்பன்று.

இவ்விழப்பு நேரும் காலம் ஒன்று உண்டு. பழைய கோழிகள் முட்டை குறையத் தொடங்கியதும், சந்தையிலிருந்தோ அரசுத் திட்டத்தின் வழியாகவோ நாலைந்து விடைக்கோழிகள் வீட்டுக்கு வருகின்றன. வந்த அன்று மாலையே அவை பழைய கூட்டில் அடைக்கப்படுகின்றன. சில நாட்களில் புதியவை குருதி வடிய மூலையில் ஒடுங்குகின்றன. அல்லது நோய் கண்டு பழையவையும் மடிகின்றன. ‘ராசியில்லாத கோழி’ என்று பழி சொல்லப்படுகிறது. உண்மைக் காரணங்கள் இரண்டு: ஒன்று நோய், மற்றொன்று கோழிகளுக்குள் நிலவும் படிநிலை.

முதலாவது நோய். நலமாகத் தோன்றும் கோழியும் நோய்க்கிருமியைச் சுமந்து வரக்கூடும். வெள்ளைக் கழிச்சல் எனப்படும் இராணிக்கேத் நோய், வெளியே தெரியுமுன் சில நாட்கள் உடலுக்குள் மறைந்திருக்கும். பழைய கோழிகள் தாங்கிப் பழகிய இரத்தக் கழிச்சல் நோயோ இளங்கோழிகளைக் கொன்றுவிடும். எனவே புதியவற்றை முப்பது நாட்கள் தனியே, இயன்ற அளவு தொலைவில் வைத்தல் வேண்டும். தீவனமும் நீரும் முதலில் பழைய கோழிகளுக்கும் பின்னரே புதியவற்றுக்கும் வைத்து, கைகால்களைக் கழுவிக்கொள்ளுதல் நன்று. இராணிக்கேத் நோய்க்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், எட்டாவது வாரத்தில் ஊசியும் இடப்பட்டனவா என்று கேட்டறிந்தே கோழிகளை வாங்க வேண்டும்.

நோய்த்தடுப்பு ஒரு வீட்டின் வேலையாக மட்டும் நின்றுவிடுவதில்லை என்பதை மைசூர் நகரம் நன்கு அறியும். 2017 சனவரியில் பறவைக் காய்ச்சல் காரணமாக, 1892இல் தோன்றிய சாமராசேந்திர விலங்குக் காட்சிச்சாலை ஏறத்தாழ ஒரு திங்கள் பார்வையாளர்களுக்கு மூடப்பட்டது. 2020 மார்ச்சில் நகரின் கும்பாரகொப்பல் பகுதியில் அந்நோய் உறுதி செய்யப்பட்டபோது, ஒரு கிலோமீட்டர் சுற்றளவிலிருந்த வளர்ப்புப் பறவைகள் அழிக்கப்பட்டன. அந்த வட்டத்துக்குள் நோயுள்ள வீடு, நோயற்ற வீடு என்ற வேறுபாடு கிடையாது. ஒரு வீட்டார் காக்கும் முப்பது நாள் பொறுமை அண்டை வீட்டாருக்கும் அரணாகும்.

இரண்டாவது படிநிலை. எந்தக் கோழி எதனைக் கொத்தலாம், எது எதற்கு ஒதுங்க வேண்டும் என்பதில் கோழிக் கூட்டத்தில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. நார்வே நாட்டு அறிஞர் தோர்லைஃப் ஷெல்டெரப்-எப்பே இதனை ஆராய்ந்து 1922இல் கட்டுரையாக வெளியிட்டார். கோழிகள் ஒன்றையொன்று இனங்கண்டு வைத்திருக்கின்றன. புதிய கோழி வந்ததும் அவ்வொழுங்கு குலைகிறது. மீண்டும் அமையும் வரை சண்டை ஓயாது. அதனை அறவே தடுக்க இயலாது. காயமின்றிக் கடக்கச் செய்வதே வளர்ப்போரின் கடமை.

அதற்கு வழிகள் எளியவை. தனிமைக் காலம் முடிந்ததும் ஒரு வாரம், மூங்கில் தட்டியோ கம்பி வலையோ இடையில் நிற்க, இரு கூட்டமும் ஒன்றையொன்று பார்க்கும்படி விட வேண்டும். பகலில் புதியவற்றைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து முற்றத்தில் வைத்தாலும் போதும். உருவில் பழையவற்றுக்கு ஏறத்தாழ ஈடான பின்னரே அவற்றைக் கலக்க வேண்டும். ஒற்றைக் கோழியைச் சேர்த்தால் எல்லாக் கொத்துகளும் அதன்மேலேயே விழும். ஆதலின் சிலவற்றை ஒருங்கே சேர்த்தல் நன்று. முதலில் திறந்த முற்றத்தில் சில மணி நேரம் பழகவிட்டு, பின்னர் கூட்டில் அடைக்கலாம். தீவனத் தட்டும் நீர்க்கலமும் இரண்டு மூன்று இடங்களில் இருத்தல் வேண்டும். ஓடி ஒளிய ஒரு கூடையோ விறகுக் குவியலோ உதவும். குருதி கண்ட கோழியை உடனே பிரித்துவிட வேண்டும். சிவப்பைக் கண்டால் மற்றவை மேலும் கொத்தும்.

தீவனத்திலும் கருத்து வேண்டும். முட்டைக்கோழித் தீவனத்திலுள்ள மிகுந்த சுண்ணாம்புச் சத்து, முட்டையிடாத இளங்கோழியின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எனவே அனைத்துக்கும் வளர்பருவத் தீவனமே அளித்து, கிளிஞ்சல் தூளைத் தனிக்கலத்தில் வைத்தால், முட்டையிடுபவை தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும்.

பெங்களூர் எப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரியில் உருவான கிரிராஜா போன்ற இனங்கள் புறக்கடை வளர்ப்புக்கென்றே உருவாக்கப்பட்டவை. ஆயினும் நல்ல இனம் மட்டும் நல்ல பயனைத் தந்துவிடாது. வழங்கப்பட்ட கோழிகளின் எண்ணிக்கை அன்றே பதிவேட்டில் ஏறிவிடுகிறது. ஆறு திங்கள் கழித்து அவற்றுள் எத்தனை முட்டையிடுகின்றன என்பதே திட்டத்தின் உண்மைக் கணக்கு. கோழியை ஒப்படைக்கும்போதே தனிமைக் காலத்தையும் தட்டி மறைப்பையும் எடுத்துச் சொல்லி, ஒரு திங்கள் கழித்து அவ்வீட்டுக்கு மீண்டும் ஒருமுறை செல்லும் விரிவாக்கப் பணியாளரே அக்கணக்கை நிறைவாக்குபவர். செலவு ஒரு மூங்கில் தட்டி. வேண்டுவது ஐந்து வாரப் பொறுமை.