களர் நிலத்தைச் சீர்திருத்துவோம்



திருச்சிராப்பள்ளியை அடுத்த மணிகண்டம் வட்டாரத்திலும், இன்னும் பல பகுதிகளிலும் களர் நிலம் பரவிக் கிடக்கிறது. பட்டாவில் நிலம் என்று இருக்கும். ஆனால் விதைத்த விதைகூட வீடு வந்து சேராது. கல்லாதவரைக் களர் நிலத்துக்கு ஒப்பிட்டார் திருவள்ளுவர். கல்லாதவருக்குக் கல்வி புகட்டலாம். அதுபோலக் களருக்கும் மருந்து உண்டு. அதைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

உவர் வேறு, களர் வேறு என்பதை முதலில் உணர வேண்டும். உவர் நிலத்தில் கரையும் உப்புகள் மிகுந்து, வெயில் காலத்தில் வெண்மையாகப் பூத்திருக்கும். நல்ல நீரைத் தேக்கி வடித்தால் அவை நீங்கும். களர் நிலத்திலோ சோடியம் களிமண் துகள்களையே பற்றிக்கொண்டிருக்கிறது. ஆகவே மண் நனைந்தால் குழம்பாகவும், உலர்ந்தால் பாறையாகவும் ஆகிறது. மழைநீர் கீழே இறங்காமல் கலங்கியபடியே நாட்கணக்கில் நிற்கும். வேருக்குக் காற்றும் கிடைப்பதில்லை. இங்கே வெறும் நீரைப் பாய்ச்சிப் பயனில்லை.

கண்ணால் கண்டு முடிவு செய்யாமல், மண்ணைப் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்புங்கள். கார அமில நிலை 8.5-க்கு மேலும், மண் பற்றிய சோடியம் நூற்றுக்கு 15 பங்குக்கு மேலும் இருந்தால் அது களர்.

களருக்கு மருந்து ஜிப்சம். அதிலுள்ள கால்சியம், சோடியத்தை விலக்கிவிட்டு அவ்விடத்தில் தான் அமர்கிறது. விலகிய சோடியம் நீரில் கரைந்து வெளியேறத் தயாராகிறது. இட வேண்டிய அளவை மண் பரிசோதனையே கூறும். நெல்லுக்கு அத்தேவையில் பாதியளவு இட்டாலும் போதுமானது.

கோடையில் நிலத்தைச் சிறு பாத்திகளாகப் பிரித்துச் சமன் செய்து, வரப்பை உயர்த்தி, வடிகால் வெட்டுங்கள். ஜிப்சத்தை மேல்மண்ணில் கலந்து, நல்ல நீரை நான்கு அங்குல உயரம் நிறுத்தி, ஓரிரு நாட்கள் கழித்து வடியுங்கள். இவ்வாறு மூன்று நான்கு முறை செய்யுங்கள். பிறகு தக்கைப்பூண்டு விதைத்து, ஏறக்குறைய 45 நாட்களில் மடக்கி உழுங்கள். களரில் துத்தநாகச் சத்து குறைவாதலால், நடவின்போது ஏக்கருக்கு 15 கிலோ சிங்க் சல்பேட் இடுவது நலம். களரைத் தாங்கும் நெல் இரகங்களும் உள்ளன. 1995-இல் வெளியான டி.ஆர்.ஒய். 1 அவற்றுள் ஒன்று.

இனிப் பஞ்சாயத்தாருக்கு ஒரு வார்த்தை. ஜிப்சம் வாங்குவது தனி விவசாயியால் ஆகும். வடிகால் அவரால் மட்டும் ஆகாது. மேல்வயலில் வடித்த நீர் கீழ்வயலில் தங்கினால், ஒருவர் நோயை மற்றவருக்கு ஏற்றியதாகும். பொதுவடிகால் தூர்ந்தோ, ஆக்கிரமிப்பில் சிக்கியோ இருந்தால், இட்ட ஜிப்சமும் செலவழித்த பணமும் அவ்வயலிலேயே வீணாகும். கடன் வாங்கி உரமிட்ட ஏழைக்கு இதைவிடப் பெரிய நஷ்டம் வேறில்லை. ஆதலால் ஜிப்சம் மூட்டை ஊருக்குள் வருமுன், வடிகாலைத் தூர்வாரிக் கோடி வரை நீர் ஓடச் செய்யுங்கள். ஊர் மண்ணோடு கிணற்று நீரையும் சேர்த்துப் பரிசோதிக்க ஏற்பாடு செய்யுங்கள். கிணற்று நீரே காரமானால் திருந்திய நிலம் மீண்டும் கெடும்.

ஒரே போகத்தில் களர் முற்றும் திருந்திவிடாது. பொறுமையோடு ஆண்டுதோறும் பசுந்தாள் உரமிட்டு, நிலத்தைத் தரிசாக விடாமல் பயிர் செய்து வந்தால், கைவிட்ட நிலமும் சோறளிக்கும். அதற்கான முதல் மண்வெட்டி பொதுவடிகாலில் விழட்டும்.